ஜூம் எச்1 எசென்ஷியல்: ஸ்போர்ட்ஸ் காரின் ஓசையில் இசை அமைப்போருக்கான பதிவுக் கருவி

கார் ஓசையைக் கொண்டு மின்னணு இசை அமைக்க விரும்பும் ஒருவர் முதலில் எதற்குப் பணம் செலவிட வேண்டும் என்று கேட்டால், கணினிக்கும் மென்பொருளுக்கும் முன்னால் ஒரு நல்ல பதிவுக் கருவிக்கு என்றே நான் சொல்வேன். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கணினி பெரும்பாலும் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் பதிவில் சிதைந்துபோன ஓசையை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. ஜப்பானைச் சேர்ந்த ஜூம் நிறுவனம் 2024இல் வெளியிட்ட எச்1 எசென்ஷியல் என்ற கையடக்க ரெக்கார்டரை இந்த ஒரு வேலைக்காகவே நான் வாங்கினேன். தஞ்சாவூரைச் சுற்றியுள்ள ஊர்களில், வெயிலிலும் பனியிலும் புழுதியிலும் அதைப் பயன்படுத்திப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நேர்காணலுக்கோ கச்சேரிக்கோ இது எப்படி என்பதை இங்கே நான் பேசப்போவதில்லை. ஓர் இன்ஜினை வாத்தியமாக்க இது உதவுமா என்பதுதான் என் கேள்வி. உதவும் என்பதுதான் என் முடிவு. எங்கெல்லாம் உதவாது என்பதும் தெரிந்திருந்தால் வாங்குபவர் ஏமாற மாட்டார்.

ஓசைகளையே மூலப்பொருளாகக் கொண்டு இசை அமைக்கும் வழக்கம் புதிதன்று. 1948இல் பாரிஸில், பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பியர் ஷேஃபர், ரயில் நிலையத்தில் நீராவி இன்ஜின்களின் ஓசையைப் பதிவு செய்து, அதை வெட்டியும் சுழற்றியும் ஒரு படைப்பாக்கி ஒலிபரப்பினார். அன்று அவருக்குக் காந்த நாடாகூடக் கிடைக்கவில்லை. இசைத்தட்டில் ஒரு பள்ளத்தைத் தன்னுள்ளேயே முடியும்படி வெட்டி, ஊசி அதே வட்டத்தில் மீண்டும் மீண்டும் ஓடும்படி செய்துதான் லூப் உண்டாக்கினார். அவர் அறை நிறைய இயந்திரங்களை வைத்துக்கொண்டு செய்ததை இன்று சட்டைப் பையில் அடங்கும் கருவியும் ஒரு மடிக்கணினியும் செய்துவிடுகின்றன. ஆனால் அவர் எதிர்கொண்ட அடிப்படைச் சிக்கல் அப்படியே இருக்கிறது. இயந்திரங்கள் நமக்காகத் தம் ஓசையைக் கூட்டிக் குறைத்துக்கொள்வதில்லை.

ஸ்போர்ட்ஸ் காரில் இந்தச் சிக்கல் மிகக் கடுமையானது. ஸ்டார்ட் செய்து ஓய்வாக ஓடவிடும்போது மெல்ல உறுமும் இன்ஜின், ஆக்சிலேட்டரை அழுத்திய அரை வினாடியில் பல மடங்கு உரத்துக் கத்துகிறது. பழைய 16-பிட் பதிவில் உறுமலுக்கு ஏற்றபடி அளவை வைத்தால் கத்தல் உடைந்து கரகரக்கும். கத்தலுக்கு ஏற்றபடி வைத்தால் உறுமல் இரைச்சலுக்குள் புதைந்துபோகும். கைப்பேசியில் பதிவு செய்தால் நிலைமை இன்னும் மோசம். பேச்சுக்கென்று அமைக்கப்பட்ட அதன் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு இன்ஜினையே தேவையற்ற இரைச்சலாக எண்ணி அமுக்கப் பார்க்கும். ஓசை ஏறி இறங்கும் அழகு முழுவதும் தட்டையாகிவிடும். எச்1 எசென்ஷியல் 32-பிட் ஃப்ளோட் முறையில் மட்டுமே பதிவு செய்கிறது. ஒலி அளவைத் திருகும் குமிழ் இதில் கிடையாது. 16-பிட் பதிவின் வீச்சு (பதிவில் அடங்கும் மிக மெல்லிய ஓசைக்கும் மிக உரத்த ஓசைக்கும் இடையிலான தொலைவு) ஏறத்தாழ 96 டெசிபல், 24-பிட்டுக்கு 144 டெசிபல்; 32-பிட் ஃப்ளோட் முறைக்கோ கணக்களவில் 1500 டெசிபலுக்கும் மேல். பழைய முறை குறிப்பிட்ட உயரத்துக்குக் கரை கட்டிய வாய்க்காலைப் போன்றது, தண்ணீர் கரையைத் தாண்டினால் உடைப்புதான்; இந்த முறையில் தண்ணீரின் உயரத்துக்கேற்பக் கரையும் உயர்ந்துகொள்கிறது. பதிவு முடிந்து கணினியில் திறக்கும்போது அலைவடிவம் உச்சியில் வெட்டுப்பட்டதுபோலத் தோன்றினாலும், அளவைக் குறைத்தவுடன் வளைவுகள் முழுமையாக வெளிப்படுகின்றன. முதல் முறை இதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இந்த இடத்தில் விளம்பரங்கள் சொல்லாமல் விடும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 32-பிட் காப்பாற்றுவது பதிவை, மைக்கையன்று. இக்கருவியின் உள்மைக்குகள் தாங்கும் உச்ச ஒலியழுத்தம் 120 டெசிபல். அதைத் தாண்டினால் மைக்கின் சவ்விலேயே ஓசை சிதைந்துவிடும். சிதைந்த ஓசையைத்தான் கருவி மிக நேர்த்தியாகப் பதிவு செய்யும். ஆகவே மைக்கை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நின்ற வாகனத்தின் ஓசையை அளக்கும் சர்வதேச முறையில், சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, புகை வரும் திசைக்கு 45 பாகைக் கோணத்தில், மைக்கை வைக்கிறார்கள். நாமும் அங்கிருந்தே தொடங்குவது பாதுகாப்பானது. தூரத்தைப் பாதியாக்கினால் ஓசை சுமார் 6 டெசிபல் கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, சிதைவு கேட்கிறதா என்று ஹெட்போனில் கவனித்தபடி படிப்படியாக நெருங்கலாம். குழாய்க்கு நேர் எதிரே மட்டும் ஒருபோதும் வைக்கக்கூடாது. அங்கே வெப்பமும் புகையின் வேகமும் சேர்ந்து மைக்கில் மோதி, கீழ்ச்சுருதியில் பொதபொதவென்று ஒரு தள்ளல் பதிவாகும். அதை இசையில் எங்கும் பயன்படுத்த முடியாது.

நான் பதிவு செய்த கார் போர்ஷ் 718 கேமன் ஜிடிஎஸ் 4.0. திருச்சியில் தொழில் செய்யும் ஒருவர் மிகுந்த பெருந்தன்மையோடு தம் காரைத் தந்ததுடன், சாவியை யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகாமல், தாமே ஓட்டிக்காட்டவும் செய்தார். அதன் 4 லிட்டர் இன்ஜினில் ஆறு சிலிண்டர்கள், பக்கத்துக்கு மூன்றாக, எதிரெதிரே படுத்த நிலையில் அமைந்துள்ளன. நிமிடத்துக்கு 7800 சுழற்சிகள் வரை அது ஏறும். இந்த எண்களை நான் சொல்வது காரின் பெருமையைப் பேசுவதற்காக அன்று. இசையமைப்பவருக்கு இவையே ஸ்ருதிக் கணக்கு.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை வெடிக்கிறது. எனவே ஆறு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுழற்சிக்கு மூன்று வெடிப்புகள். ஆர்பிஎம்மை, அதாவது நிமிடத்துக்கான சுழற்சிகளை, 20ஆல் வகுத்தால் அந்த ஓசையின் முதன்மை அதிர்வெண் ஹெர்ட்ஸில் கிடைத்துவிடும். 800 ஆர்பிஎம்மில் ஓய்வாக ஓடும்போது 40 ஹெர்ட்ஸ். 7800இல் 390 ஹெர்ட்ஸ். அதாவது மூன்று ஸ்தாயிகளுக்கும் சற்று மேலாக இந்த வாத்தியம் பேசும். இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். நீண்ட உடலும் தாழ்ந்த ஸ்ருதியும் கொண்ட பாரி நாகஸ்வரத்தின் ஆதார ஸ்ருதி, நம் இசையில் ஸ்ருதியை அளக்கும் கட்டைக் கணக்கில், ஏறத்தாழ 2 கட்டை. 2 கட்டை ஸட்ஜம் கீழ் ஸ்தாயியில் ஏறத்தாழ 146.8 ஹெர்ட்ஸ், அதை 20ஆல் பெருக்கினால் 2937 ஆர்பிஎம். பஞ்சமம் அதைப்போல் ஒன்றரை மடங்கு, ஆகவே 4405. மேல் ஸட்ஜம் 5873. அதற்கும் மேலே சுத்த மத்யமம் 7831இல் வர வேண்டும். 7800இல் நின்றுவிடும் இந்த இன்ஜின் அதை மயிரிழையில் தவறவிடுகிறது. ஒரு காரின் ஆர்பிஎம் மீட்டரில் ஸ, ப, ஸ என்று குறித்து வைத்துக்கொண்டு, ஓட்டுபவரிடம் "ஐயா, முள்ளை இந்த இடத்திலேயே ஒரு பத்து எண்ணும் வரைக்கும் பிடிச்சுக்குங்க" என்று கேட்கலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. இரண்டாம் கியரில் 2937 என்பது நிதானமான வேகம்தான்; பொதுச்சாலையில் யாரையும் அச்சுறுத்தாமலே ஸட்ஜத்தைப் பிடித்துவிடலாம்.

முள் காட்டும் எண்ணும் கேட்கும் ஸ்ருதியும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. கால் அழுத்தத்தில் சிறு நடுக்கம் இருக்கும், சாலை மேடேறும், சுழற்சி சற்றே ஏறி இறங்கும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அதிர்வெண் வரைபடத்தைத் திறந்து பார்த்தால் உயர்ந்து நிற்கும் கோடு எது என்று தெரிந்துவிடும். அங்கிருந்து சில சென்ட் (அரைக்கட்டையில் நூறில் ஒரு பங்கு) அளவுக்கு ஸ்ருதியைத் திருத்திக்கொள்ளலாம். அந்த வரைபடத்தில் இன்னொன்றும் தெரியும். ஒரு பக்கத்து மூன்று சிலிண்டர்களின் புகை தனிக்குழாய் வழியாக வருமானால், வெடிப்பு அதிர்வெண்ணின் சரிபாதியிலும் ஒரு கோடு நிற்கும். ஸட்ஜத்துக்குக் கீழே இன்னொரு ஸட்ஜம், தம்புராவின் மந்தரத் தந்தி ஒலிப்பதுபோல, தானாகவே சேர்ந்து ஒலிக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரின் ஓசையில் நாம் உணரும் கனம் பெரும்பாலும் இத்தகைய துணை அதிர்வுகளால் வருவதே. கார் நிறுவனங்களும் இதை இசைக்கருவியைப் போலவே அணுகுவதுண்டு. லெக்ஸஸ் எல்எஃப்ஏ காரின் பத்து சிலிண்டர் இன்ஜினை உருவாக்கியதிலும் அதன் ஓசையை வடிவமைத்ததிலும் யமஹாவின் பங்கு பெரியது. பியானோ செய்யும் பெயர் ஒரு இன்ஜினின் குரலுக்கும் பொறுப்பேற்றது என்பது நம்மைப் போன்றவர்களுக்கு ஊக்கம் தரும் செய்தி.

கருவிக்குத் திரும்புகிறேன். 40 ஹெர்ட்ஸ் உறுமலை இதன் சிறிய உள்மைக்குகள் முழுக்கனத்துடன் பிடிப்பதில்லை. கீழ் அதிர்வெண்களை வெட்டும் வசதியைக் கட்டாயம் அணைத்து வைக்க வேண்டும். அணைத்தாலும், நெஞ்சில் உணர்ந்த அதிர்வு ஹெட்போனில் பாதிதான் வருகிறது. இன்ஜினின் முழு ஆழமும் வேண்டுமென்றால் 3.5 மில்லிமீட்டர் துளையில் ஒரு வெளிமைக்கைச் செருகலாம். காலரில் குத்தும் சிறு மைக்குக்கான மின்சாரத்தைக் கருவியே தந்துவிடும். கார் பதிவுக்கு இந்தச் சிறு மைக் மிக உகந்தது. கருவியைக் காருக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, மைக்கை மட்டும் பின்பம்பரின் ஓரத்தில், சைலன்சருக்கு விலகி, துணி நாடாவால் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் வெளிமைக்கைச் செருகினால் உள்மைக்குகள் விலகிவிடுகின்றன. ஒரே நேரத்தில் சைலன்சர், இன்ஜின் அறை, காரின் உட்புறம் என்று மூன்று இடங்களில் பதிவு செய்வதே இத்துறையில் திரைப்படத்துக்கும் விளையாட்டு மென்பொருளுக்கும் வேலை செய்வோரின் வழக்கம். இரண்டே தடங்கள் உள்ள இக்கருவியால் அது இயலாது. ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக ஓட்டிப் பதிவு செய்து, பிறகு கணினியில் அடுக்க வேண்டும்; இரண்டு ஓட்டங்களில் ஆக்சிலேட்டர் ஒரே மாதிரி ஏறாது என்பதால் அடுக்கிய ஓசையில் ஒரு விலகல் இருந்தே தீரும். நீண்ட லூப் இசைக்கு அந்த விலகல் அழகாகவே அமைகிறது. ஒரே முறை சீறிப்பாயும் ஓசைக்கு அது பொருந்துவதில்லை.

காற்று பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் டெல்டா திறந்த வெளி. மலையும் இல்லை, பெரிய காடும் இல்லை. வயல்வெளியில் கிளம்பும் காற்றைத் தடுக்க ஒரு தென்னை வரிசைகூட இல்லாத இடங்கள் ஏராளம். பெட்டிக்குள் காற்றுத்தடுப்பு உறை வருவதில்லை. மெமரி கார்டும் தனியாகத்தான் வாங்க வேண்டும். மெல்லிய ஸ்பாஞ்ச் உறை வீட்டுக்குள் போதும். கல்லணைக் கால்வாய்க் கரையிலோ கொள்ளிடக் கரையிலோ அது போதவே போதாது, நீண்ட ரோமங்கள் கொண்ட உறைதான் வேண்டும். அம்மியும் பறக்கும் ஆடிக்காற்றில் எந்த உறை போட்டாலும் வெளியே பதிவு செய்யாமல் இருப்பதே நல்லது. கருவியின் உடல் பிளாஸ்டிக் என்பதால் கையில் பிடித்துக்கொண்டு பதிவு செய்தால் விரல் நகர்வதுகூடக் கேட்கும். பின்புறத்தில் டிரைபாட் திருகுக்கான துளை உள்ளது, அதைப் பயன்படுத்துங்கள்.

நம் பகுதியில் நின்ற நிலையில் பதிவு செய்ய நான் கண்ட சிறந்த இடம் அரிசி ஆலையின் நெல் காயவைக்கும் களம். பரந்த சிமெண்ட் தரை, வாகனம் திரும்பத் தாராளமான இடம், விடுமுறை நாளில் ஆள் நடமாட்டமில்லை, உரிமையாளரிடம் முன்கூட்டிச் சொன்னால் கேட்டையும் பூட்டிக்கொள்ளலாம். சுவருக்கு அருகில் நிறுத்தினால் எதிரொலி வந்து ஓசையை உள்ளீடற்றதாக்கும். களத்தின் நடுவில் நிறுத்தி, மைக்கைத் தரையை ஒட்டித் தாழ்வாக வைத்தால் தரையிலிருந்து தெறிக்கும் ஓசையும் நேரே வரும் ஓசையும் முரண்படாமல் ஒன்றுசேரும். புதிய கார்கள் பலவற்றில் நின்ற நிலையில் இன்ஜினை உச்சச் சுழற்சிக்கு ஏற்ற முடியாதபடி கட்டுப்பாடு உண்டு. சுமையில்லாமல் சுழலும் இன்ஜினின் குரலும் சற்று மெலிந்தே இருக்கும். சுமை ஏறிய குரல் வேண்டுமென்றால் ஓட்டித்தான் ஆக வேண்டும். டெல்டாவில் பந்தயத் தடம் கிடையாது. உச்சச் சுழற்சியை முழுமையாகப் பதிவு செய்ய விரும்புவோர், கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்திலோ சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலோ உள்ள தடங்களில் அனுமதி பெற்றே செய்ய வேண்டும். நம் ஊர்ச் சாலைகளில், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டருக்கும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளுக்கும் நடுவே, அதற்கு முயலவே கூடாது.

எந்த மாதத்தில் பதிவு செய்கிறோம் என்பதும் முக்கியம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12க்குப் பிறகு வாய்க்கால்களில் தண்ணீர் வந்துவிட்டால், ஷட்டருக்கு அருகில் நீரின் இரைச்சல் எல்லாப் பதிவிலும் கலந்துவிடும். சம்பாப் பருவத்து இரவுகளில் தவளையும் பூச்சியும் ஓயாது. தை, மாசியில் அறுவடை இயந்திரம் இரவிலும் ஓடும். சித்திரை, வைகாசியில் கோயில் திருவிழாக்களின் குழாய் ஒலிபெருக்கி கேட்காத ஊர் இல்லை. பங்குனியில், உளுந்தும் பயறும் நிற்கும் வயல்களுக்கு நடுவே, பொழுது விடிவதற்கு முந்தைய நேரம்தான் எனக்கு வாய்த்த நல்ல நேரம். இவ்வளவு சொன்னாலும், பின்னணியில் ஒரு பம்புசெட்டு ஓசை விழுந்தால் அதை வெறுக்க வேண்டியதில்லை. அதுவும் இன்ஜின்தான், அதற்கும் ஒரு ஸ்ருதி உண்டு. தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டால் கார் ஓசைக்குக் கீழே அடித்தளமாக ஓடவிடலாம்.

இன்ஜினைவிட எனக்கு அதிகம் பயன்பட்டவை காரின் சிறிய ஓசைகள் என்பதையும் சொல்ல வேண்டும். கதவு மூடும் ஓசை, சீட் பெல்ட் கொக்கி, கண்ணாடி இறங்கும் மோட்டார், வைப்பர் தேயும் ஓசை ஆகியவை காருக்குள் உட்கார்ந்தபடியே கிடைக்கின்றன. இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை மின்ன வேண்டும் என்பது சர்வதேச விதி. நடுவே 90 என்று கொண்டால், அதுவே ஒரு நடைக்குரிய காலப்பிரமாணம். எரியும்போது ஒரு டிக், அணையும்போது ஒரு டக் என்று ஒவ்வோர் அட்சரமும் இரண்டாகப் பிரிந்தே வருகிறது. எட்டு மின்னலுக்கு ஓர் ஆதி தாள ஆவர்த்தனம் என்று வைத்துக்கொண்டு என் முதல் உருப்படியை அமைத்தேன்.

எங்கள் தெருவில் வசிக்கும் தவில் வித்வான் ஒருவர் அதைக் கேட்டார். கதவு மூடும் ஓசையைத் தாளத்தின் முதல் அடியாக நான் வைத்திருந்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "தம்பி, இது தொப்பியிலே குச்சி விழற சத்தம் மாதிரி நல்லாத்தான் இருக்கு. ஆனா வார் தளர்ந்து கிடக்கு. கொஞ்சம் ஏத்துங்க" என்றார். தொப்பி என்பது தவிலில் குச்சியால் வாசிக்கும் பக்கம். "எவ்வளவு ஏத்தலாம் அண்ணே?" என்று கேட்டேன். தம் தொடையில் தட்டி ஒரு ஓசையைக் காட்டினார். அதற்கேற்ப ஸ்ருதியை அரைக்கட்டை உயர்த்தியவுடன் கதவு தவிலாயிற்று. தவிலின் மறுபக்கமான வலந்தலையில் விரல்கூடுகள் எழுப்பும் கூரிய ஓசைக்கு சீட் பெல்ட் கொக்கியின் உலோக ஓசை பொருந்தியது. இந்த மாற்றங்களையெல்லாம் ஓசை சிதையாமல் செய்ய முடிந்ததற்குக் காரணம், மூலப்பதிவு 96 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஓசையை வினாடிக்கு 96,000 முறை அளந்து, இருந்ததே. 48 கிலோஹெர்ட்ஸில் பதிவான ஓசையைக் கால்வேகத்துக்குக் குறைத்தால் அதில் எஞ்சும் உச்ச அதிர்வெண் 6 கிலோஹெர்ட்ஸ்தான். கம்பளி போர்த்தியதுபோல மங்கிவிடும். 96 என்றால் 12 கிலோஹெர்ட்ஸ் வரை எஞ்சும். ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 46 எம்பி இடம் பிடிக்கும், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2.8 ஜிபி, இன்றைய மெமரி கார்டுகளுக்கு அது ஒரு சுமையே இல்லை. இசையமைக்க வாங்குபவர்கள் 96ஐத் தவிர வேறொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஓட்டம் முடிந்து இன்ஜினை அணைத்த பிறகு சூடான சைலன்சர் குளிரும்போது எழும் உலோக ஓசை ஒன்று உண்டு. முதலில் நெருக்கமாக, பிறகு இடைவெளி விட்டு விட்டு, கடைசியில் எப்போதோ ஒன்று என்று அது விழும். எந்த மனிதத் தாளத்திலும் அடங்காத அந்த வரிசை, மின்னணு இசையின் இயந்திரத்தனமான ஒழுங்கை உடைக்க மிக அருமையான சரக்கு. இங்கேதான் கருவியின் மற்றொரு எல்லை வெளிப்படுகிறது. இவ்வளவு மெல்லிய ஓசையைப் பெரிதாக்கும்போது மைக்கின் சொந்த இரைச்சலும் சேர்ந்து பெரிதாகிறது. 32-பிட் என்பது இரைச்சலை நீக்கும் மந்திரம் அன்று. மைக்கை உலோகத்துக்கு ஒரு சாண் அருகில் கொண்டுபோய், இரைச்சலின் ஒரு மாதிரியைத் தனியே எடுத்து ஆடாசிட்டியில் சிறிதளவு நீக்கினால் பயன்படுத்தக்கூடிய ஓசை கிடைக்கும். அளவுக்கு மீறி நீக்கினால் டிக் என்ற ஓசையின் கூர்மையும் போய்விடும்.

லூப் அமைப்பது பற்றி ஒரு நுட்பம். ஆறு சிலிண்டர்களும் ஒரே மாதிரி வெடிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் நுண்ணிய வேறுபாடு உண்டு. எல்லாச் சிலிண்டர்களும் ஒரு முறை வெடித்து முடிய இரண்டு சுழற்சிகள் வேண்டும். 2937 ஆர்பிஎம்மில் அது சுமார் 41 மில்லிவினாடி. லூப்பின் நீளம் இதன் முழு மடங்காக இருந்தால்தான் இணைப்பு இடறாது. 24 மடங்கு என்றால் ஒரு வினாடிக்குச் சற்றுக் குறைவு. அதன் இரு முனைகளையும் மெல்லக் கலந்துவிட்டால் ஓய்வில்லாத ஸட்ஜம் ஒன்று தயார். 60 நாட்கள் பயன்படுத்திப் பார்க்க அனுமதிக்கும் ரீப்பர் மென்பொருளிலேயே, பதிவு செய்த ஓசையைக் கீபோர்டில் வாசிக்க உதவும் சாம்ப்ளரும் இருக்கிறது. அதில் இந்த லூப்பை ஏற்றினால் கீபோர்டின் கட்டைகளில் கார் பாடும். ஆனால் கீபோர்டில் வாசிப்பதைவிட, 2937இலிருந்து 5873 வரை கார் ஏறும் ஒரே இழுப்பை அப்படியே வைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்திருக்கிறது. கட்டை கட்டையாக ஏறாமல் வழுக்கிக்கொண்டு ஏறும் அந்த ஜாரு நம் நாகஸ்வரத்துக்கு நெருங்கிய உறவு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி பாரி நாகஸ்வரத்தைச் செய்துகொடுத்த மண் இது; 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்தின் நாதத்தை, ஆறு சிலிண்டர் ஸட்ஜத்தின் மேல் வைத்து ஒரு முறை கேட்டவர்கள், இயந்திர ஓசைக்கும் நம் இசைக்கும் பகை என்று சொல்ல மாட்டார்கள்.

விலையைப் பொறுத்தவரை, இது அமெரிக்காவில் 99.99 டாலருக்கு அறிமுகமானது. கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் நான் விசாரித்த இசைக்கருவிக் கடைகளில் இது இருப்பில் இல்லை. சென்னையிலிருந்தோ இணையத்திலோதான் வரவழைக்க வேண்டியிருந்தது. இரண்டு ஏஏஏ பேட்டரிகளில் ஓடுகிறது, பேட்டரி தீர்ந்தால் எந்தப் பெட்டிக்கடையிலும் மாற்று கிடைக்கும் என்பது வயல்வெளியில் வேலை செய்பவருக்குப் பெரிய வசதி. யூஎஸ்பி-சி வழியாக பவர் பேங்கிலும் ஓட்டலாம். தொழிலாகவே இதைச் செய்யப் போகிறவர்கள், தரமான மைக்குகளைக் கேபிளில் இணைத்து ஒரே ஓட்டத்தில் பல இடங்களைப் பதிவு செய்ய வேண்டியவர்கள், இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து, தொழில்முறை மைக்குகளைச் செருகும் இரண்டு எக்ஸ்எல்ஆர் இணைப்புகள் உள்ள எச்4 எசென்ஷியலை வாங்குவதே சரி. தொடங்குபவர்களுக்கு எச்1 எசென்ஷியலும் ரோம உறையும் ஒரு காலர் மைக்கும் போதும். இந்த மூன்றையும் ஒன்றாகவே வாங்குங்கள். உறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் முதல் நாள் பதிவு முழுவதும் காற்றாகவே இருக்கும்.

பட்டன்களின் செயலைக் குரலில் அறிவிக்கும் வசதி இந்த வரிசைக் கருவிகளில் உண்டு. பார்வையற்றவர்கள் யாருடைய துணையும் இல்லாமல் பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் இது வழிசெய்கிறது. அந்தக் குரல் தமிழில் இல்லை. பார்வையற்ற இசைக்கலைஞர்கள் பலர் வாழும் நாட்டில், அவர்களுடைய காதுகள் ஓசையை எவ்வளவு நுட்பமாகப் பிரித்தறியும் என்பதை அருகிலிருந்து கண்டவன் என்ற முறையில், தமிழ்க்குரல் ஒன்றைச் சேர்க்குமாறு நிறுவனத்துக்கு நான் எழுதப்போகிறேன். இக்கருவியை வாங்குபவர்களும் எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.